குழந்தையின்மை சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு: பாலிசியைப் புரட்டுவது முதல் கிளெய்ம் பணம் வரும் வரை

ஆய்வகத்தில் கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை ஐவிஎஃப். "ஐவிஎஃப்புக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?" என்று கேட்டால் ஏஜென்ட் "கிடைக்கும் சார்" என்பார். மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டால் "அதெல்லாம் கிடைக்காதுங்க" என்பார்கள். இரண்டு பேரும் பாலிசியைத் திறந்து பார்க்காமல் சொல்வதுதான். குழந்தைக்காக ஒரு தம்பதி செய்யும் செலவு முழுவதும் ஒரே விதிக்குள் அடங்காது. சில செலவுகளைச் சாதாரண பாலிசியே தரும். சிலவற்றுக்குத் தனிப் பலன் வேண்டும். சிலவற்றை எந்தப் பாலிசியும் தராது. எது எதில் சேரும் என்று சிகிச்சைக்கு முன்பே பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் விலக்கு எண் 17, 18

இந்திய மருத்துவ பாலிசிகளில் பொதுவான விலக்குகளுக்கு ஒரே எண், ஒரே வாசகம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் இவற்றைத் தரப்படுத்தியது. உங்கள் பாலிசியில் 17ஆம் விலக்கைத் தேடுங்கள். கருத்தடை, செயற்கை விந்தூட்டல், ஐவிஎஃப், விந்தணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி, கருக்குழாயில் வைக்கும் முறைகளான கிஃப்ட், ஸிஃப்ட், வாடகைத்தாய், கருத்தடையை மீட்கும் அறுவை என்று வரிசையாக எழுதி, இவை தொடர்பான செலவு கிடையாது என்று முடித்திருக்கும். அடுத்த 18ஆம் விலக்கு பேறுகாலம், கருச்சிதைவு பற்றியது. ஆனால் கருப்பைக்கு வெளியே தரிக்கும் கர்ப்பத்தை, அதாவது எக்டோபிக்கை, அந்த விலக்கே வெளியே எடுத்துவிடுகிறது. பிரசவப் பலன் இல்லாத பாலிசியிலும் எக்டோபிக் அறுவைக்குப் பணம் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இந்த விலக்குகள் இருந்தாலும் ஒரு நிறுவனம் "குழந்தையின்மை சிகிச்சைப் பலன்" என்று தனியாகச் சேர்த்துத் தரலாம். அப்படிச் சேர்த்திருந்தால், அந்தப் பலனின் உச்சவரம்பு வரைக்கும் 17ஆம் விலக்கு தளரும். அதனால் விலக்குப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கைவிடக் கூடாது. பலன்கள் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நம்பவும் கூடாது.

செலவை மூன்று பைகளாகப் பிரியுங்கள்

முதல் பை, காரண நோய். ஃபைப்ராய்டு கட்டி, கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், சினைப்பைக் கட்டி, கருக்குழாயில் நீர் தேங்குவது, ஆண்களுக்கு விதைப்பையின் ரத்தக்குழாய்கள் வீங்கும் வேரிகோசீல். இவை தம்மளவிலேயே நோய்கள். வலி, அதிக ரத்தப்போக்கு, வீக்கம் போன்ற காரணத்துக்காக இவற்றுக்கு அறுவை செய்தால் சாதாரண பாலிசியிலேயே கிளெய்முக்கு இடமுண்டு. இவற்றில் பல, குறிப்பிட்ட நோய்களுக்கான 24 மாதக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும்; பாலிசி தொடங்கி அவ்வளவு காலம் அவற்றுக்குப் பணம் வராது. அதைக் கடந்திருக்க வேண்டும்.

இரண்டாவது பை, கருத்தரிப்பு சிகிச்சை. விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ, ஐவிஎஃப், இக்சி, கருமுட்டை எடுத்தல், கருவைக் கருப்பைக்கு மாற்றுதல். இதற்குத் தனிப் பலன் இல்லாமல் ஒரு ரூபாய் வராது.

மூன்றாவது பை, அதன் பிறகு வருபவை. ஊசிகளால் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் ஓஎச்எஸ்எஸ், எக்டோபிக், பிரசவம், குறைமாதக் குழந்தையின் என்ஐசியூ (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) செலவு. தகராறு அதிகம் வருவது இந்தப் பையில்தான்.

படி 1: காகிதத்தைக் கையில் வாங்குங்கள்

விளம்பரக் கையேடும், ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு பக்கப் படமும் பாலிசி ஆகாது. வேண்டியவை மூன்று: உங்கள் பெயர், தொகை, தேதி உள்ள பாலிசி ஷெட்யூல்; முழு விதிகள் உள்ள பாலிசி வாசகம்; வாடிக்கையாளர் தகவல் தாள். இந்தத் தாளைப் புதிய வடிவில் தருவது 2024 ஜனவரி முதல் கட்டாயம். பிடிஎஃப்பில் இன்ஃபெர்ட்டிலிட்டி, ஸ்டெரிலிட்டி, அசிஸ்டெட் ரீப்ரொடக்‌ஷன், மெட்டர்னிட்டி ஆகிய நான்கு சொற்களையும் தேடி, அவை வரும் ஒவ்வொரு இடத்தையும் படியுங்கள்.

வேலை பார்க்கும் நிறுவனத்தின் குரூப் பாலிசி என்றால் எச்ஆர் தரும் சுருக்கம் போதாது. "எங்கள் நிறுவனத்துக்கான எண்டார்ஸ்மென்ட் வேண்டும்" என்று கேளுங்கள். பொது விதியை உங்கள் நிறுவனத்துக்காக மாற்றும் இணைப்புத் தாள் அது. பொது விதியில் 17ஆம் விலக்கு இருந்து, கடைசிப் பக்க எண்டார்ஸ்மென்ட்டில் அது நீக்கப்பட்டிருப்பது குரூப் பாலிசிகளில் சகஜம். தலைகீழாக, பிரசவத்துக்கு மட்டும் பலன் சேர்த்துவிட்டுக் குழந்தையின்மையை அப்படியே விட்டிருப்பதும் சகஜம். "மெட்டர்னிட்டி இருக்கு" என்றால் ஐவிஎஃப்பும் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

படி 2: எட்டுக் கேள்வி, பதில் எழுத்தில்

கஸ்டமர் கேர் எண்ணில் பேசியதை யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மின்னஞ்சலில் பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு இவற்றைக் கேளுங்கள்:

1. குழந்தையின்மை சிகிச்சைப் பலன் என் பாலிசியில் உண்டா, எந்தப் பிரிவின் கீழ்?
2. உச்சவரம்பு எவ்வளவு? ஒரு சுழற்சிக்கா (ஒருமுறை செய்யும் முழுச் சிகிச்சை), ஓராண்டுக்கா, பல ஆண்டுகளுக்கு ஒருமுறையா?
3. காத்திருப்பு எத்தனை மாதம்? எந்தத் தேதியில் முடிகிறது?
4. ஐயூஐ, ஐவிஎஃப், இக்சி எல்லாமும் சேர்ந்ததா, சில மட்டுமா?
5. டே-கேரில் (அன்றே வீடு திரும்பும் சிகிச்சை) செய்தால் ஏற்பீர்களா? வெளிநோயாளி ஸ்கேனும் ஊசியும் சேருமா?
6. அனுமதிக்கு முன் எத்தனை நாள், பின் எத்தனை நாள் செலவு கணக்கில் வரும்?
7. கரு உறைவித்தல், உறைந்த கருவை மாற்றுதல், மரபணுப் பரிசோதனை, தானக் கருமுட்டை ஆகியவற்றின் நிலை என்ன?
8. ஓஎச்எஸ்எஸ் வந்து அனுமதித்தால் முழுக் காப்பீட்டுத் தொகையிலிருந்து தருவீர்களா, இந்தப் பலனின் வரம்புக்குள்ளா?

எட்டாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் விடாமல் மறுபடி கேளுங்கள். ஓஎச்எஸ்எஸ் தீவிரமானால் ஐசியூ வரை போகும் அவசரநிலை. அது குழந்தையின்மை சிகிச்சையின் தொடர்ச்சி என்று சொல்லி 17ஆம் விலக்கைக் காட்டி மறுக்கும் வாய்ப்பு உண்டு.

படி 3: புது பாலிசி எடுப்பதானால்

சேரும் விண்ணப்பத்தில் ஒளிக்காதீர்கள். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), தைராய்டு, முன்பு செய்த லேப்ராஸ்கோபி, தோற்றுப்போன ஐயூஐ எல்லாவற்றையும் எழுதுங்கள். ஏஜென்ட் "இதெல்லாம் போட வேண்டாம்" என்றால், கிளெய்ம் மறுக்கப்படும் நாளில் அவர் பக்கத்தில் இருக்க மாட்டார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கிளெய்மிலேயே பழைய மருந்துச்சீட்டுகளைக் கேட்பார்கள். டாக்டர் "4 ஆண்டாகக் குழந்தையின்மை" என்று எழுதியிருப்பார். பாலிசியின் வயது 2 ஆண்டாக இருக்கும். அந்த ஒரு வரியில் எல்லாம் முடிந்துவிடும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிய பிறகுதான், மோசடி தவிர்த்து, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது.

ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம் என்று 2024இல் குறைக்கப்பட்டது. குழந்தையின்மைப் பலனுக்குத் தனிக் காத்திருப்பு இருக்கும். 24, 36 மாதங்கள் என்பதே தனிநபர் பாலிசிகளில் அதிகம் பார்ப்பது. இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கூடுதல் பிரீமியம் ஆண்டுக்கு 8,000 ரூபாய், காத்திருப்பு 3 ஆண்டு, உச்சவரம்பு 1 லட்சம் என்று வையுங்கள். 24,000 கட்டி 1 லட்சம் பெறுவது லாபமாகத் தெரியும். ஆனால் மனைவிக்கு 36 வயது, கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் குறைவு என்றால் அந்த மூன்றாண்டில் கைவிட்டுப் போவது கருமுட்டைகள். அவற்றைப் பிறகு எந்தத் தொகை கொடுத்தும் வாங்க முடியாது. 35 தாண்டியவர்கள் காத்திருப்புக் காலத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. 27, 28 வயதில், பிசிஓஎஸ் உள்ள புதுமணத் தம்பதிக்கு இந்தப் பலன் உள்ள பாலிசி நல்ல முதலீடு.

வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்வதானால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்பு விண்ணப்பியுங்கள். பழைய பாலிசியில் கழித்த காத்திருப்பு உங்களோடு வரும். ஆனால் பழைய பாலிசியிலேயே இல்லாத பலனுக்குக் காத்திருப்பு புதிதாக ஓடும் என்று எதிர்பாருங்கள். கைக்கு வந்த பாலிசி பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. பழைய கணக்கில் 18 சதவீதம் சேர்த்துச் சொன்னால் கேளுங்கள்.

படி 4: மையத்தைத் தேர்வு செய்யும்போது

உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடப்பில் உள்ளது. ஐயூஐ மட்டும் செய்யும் மையம் நிலை 1, ஐவிஎஃப் செய்யும் மையம் நிலை 2. பதிவுச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கிளெய்மில் அதைக் கேட்பார்கள். சட்டப்படி பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரை சிகிச்சை தரலாம். பாலிசியின் வயது வரம்பு இதைவிடக் குறுகலாக இருக்கக்கூடும்.

அடுத்தது படுக்கைக் கணக்கு. பாலிசியின் மொழியில் "மருத்துவமனை" என்றால் 10 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கை, மற்ற ஊர்களில் 15 படுக்கை இருக்க வேண்டும். நான்கு படுக்கையோடு நடக்கும் கருத்தரிப்பு மையங்கள் நிறைய. அவை "டே-கேர் சென்டர்" என்ற வரையறைக்குள் வர வேண்டும்: உள்ளாட்சிப் பதிவு, தகுதியான மருத்துவரும் செவிலியரும், சொந்த ஆபரேஷன் தியேட்டர், தினசரிப் பதிவேடு. காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள, அதாவது நெட்வொர்க்கில் உள்ள மையம் என்றால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் நெட்வொர்க்கில் இருந்தாலும் ஐவிஎஃப்புக்கு கேஷ்லெஸ் (நிறுவனமே நேராகப் பில்லைக் கட்டுவது) தராத இடங்கள் உண்டு. "ஐவிஎஃப்புக்கு கேஷ்லெஸ் உண்டா" என்று அந்தச் சொல்லோடு கேளுங்கள்.

படி 5: தேதிகளைப் பொருத்துங்கள்

ஐவிஎஃப்பின் பெரிய செலவுகளில் ஒன்று தூண்டல் ஊசிகள். மாதவிலக்கின் 2ஆம் அல்லது 3ஆம் நாளில் தொடங்கி ஏறக்குறைய 8 முதல் 12 நாள் போடுவார்கள். கடைசியில் முட்டையை முதிரவைக்கும் டிரிகர் ஊசி. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பார்கள். அந்த ஒரு நாள்தான் "அனுமதி". ஊசி எல்லாம் அனுமதிக்கு முந்திய செலவு. 30 நாள் முன்செலவு தரும் பாலிசியில் அவை உள்ளே வந்துவிடும். மூன்று மாதத்துக்கு முன் எடுத்த ஏஎம்எச், கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எச்எஸ்ஜி வராது. அவற்றைத் திரும்பவும் எடுக்கச் சொன்னால், எப்படியும் எடுக்க வேண்டியதை இந்த 30 நாளுக்குள் எடுப்பது புத்திசாலித்தனம்.

உறைந்த கருவை அடுத்த மாதமோ, அதற்கடுத்த மாதமோ மாற்றும்போது அது இரண்டாவது அனுமதி. இடையில் பாலிசி ஆண்டு புரண்டால், ஆண்டு வரம்புள்ள பாலிசியில் அது புது வரம்பிலிருந்து வரலாம். "ஒரு சுழற்சிக்கு" என்ற வரம்பில் வராது. இரண்டாவது கேள்வியைக் கேட்கச் சொன்னது இதற்குத்தான். குரூப் பாலிசியை நம்பியிருப்பவர்கள் சுழற்சியின் நடுவில் வேலையை விட்டால், கடைசி வேலை நாளோடு பலனும் போய்விடும்.

படி 6: பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும்

கிளெய்ம் பிழைப்பதும் போவதும் இந்த இரண்டு தாளில்தான்.

பல மையங்களின் பில் இப்படி இருக்கும்: "ஐவிஎஃப் பேக்கேஜ் — 1,80,000". ஒரே வரி. காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் கிளெய்மைப் பார்க்கும் டிபிஏ இதைத் திருப்பி அனுப்பும். பணம் கட்டுவதற்கு முன்பே பிரித்த பில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்: ஆலோசனை, ஸ்கேன், ஊசி, தியேட்டர், மயக்க மருத்துவர், கரு ஆய்வகம், கரு மாற்றம், உறைவித்தல் என்று தனித்தனி வரி, ஒவ்வொன்றுக்கும் தேதி. தவணையாகக் கட்டும்போது தரும் அட்வான்ஸ் ரசீது பில் ஆகாது. எல்லா ரசீது எண்களையும் குறிப்பிட்ட இறுதி பில் வேண்டும். ஐவிஎஃப் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2022இல் தெளிவாக்கியிருக்கிறார்கள். சிகிச்சை வரியில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். ஊசி வாங்கிய ஒவ்வொரு பில்லிலும் நோயாளியின் பெயர், பேட்ச் எண், அதற்குரிய மருந்துச்சீட்டு மூன்றும் இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஸ்கேனும் ஆலோசனையும் 12,000, ஊசி 70,000, தியேட்டரும் மயக்கமும் 40,000, ஆய்வகம் 50,000, கரு மாற்றம் 20,000, உறைவித்தல் 25,000, மொத்தம் 2,17,000. உறைவித்தல் பல பாலிசிகளில் கிடையாது, அதைக் கழித்தால் 1,92,000. பலனின் வரம்பு 1 லட்சம் என்றால் கைக்கு வருவது 1 லட்சம்தான். மிச்சம் 1,17,000 உங்கள் கையிலிருந்து. இதை முன்பே தெரிந்துகொண்டு பணம் புரட்டுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி காரண நோய்ப் பையில் உயிர்நாடி. 6 சென்டிமீட்டர் சாக்லேட் கட்டி (எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பையில் வருவது), மாதாமாதம் தாங்க முடியாத வலி என்று ஒருவருக்கு அறுவை நடக்கிறது. சம்மரியில் "குழந்தையின்மைக்கான லேப்ராஸ்கோபி" என்று மட்டும் எழுதினால் 17ஆம் விலக்கில் போய்விடும். பரிசோதனைக்காக மட்டும் அனுமதித்ததாகச் சொல்லி 4ஆம் விலக்கிலும் தள்ளலாம். வலி, கட்டியின் அளவு, ஸ்கேன் தேதி, நோய்க்கூறு ஆய்வு முடிவு எல்லாம் உண்மையாக இருந்தால் அவற்றை முழுதாக எழுதித் தரச் சொல்வது உங்கள் உரிமை. இல்லாத வலியை எழுதச் சொல்வது மோசடி. பாலிசியையே ரத்து செய்வார்கள். கையெழுத்தாவதற்கு முன் வரைவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கிளெய்ம் மறுத்த பிறகு வாங்கும் திருத்தத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

படி 7: கிளெய்ம்

திட்டமிட்ட அனுமதிக்கு 48 மணி நேரம் முன்பும், அவசர அனுமதிக்கு 24 மணி நேரத்துக்குள்ளும் தெரிவிப்பது வழக்கமான விதி. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரத்திலும் பதில் தர வேண்டும் என்பது ஐஆர்டிஏஐயின் 2024 மே சுற்றறிக்கை. பணம் கட்டிவிட்டுத் திரும்பப் பெறுவதானால் பாலிசியில் உள்ள கெடுவுக்குள் அனுப்புங்கள். 15 அல்லது 30 நாள் இருக்கும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: இரு பகுதி கிளெய்ம் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்த பில், ரசீதுகள், மருந்துச்சீட்டோடு மருந்து பில், கருமுட்டை வளர்ச்சி ஸ்கேன்கள், விந்துப் பரிசோதனை, கரு ஆய்வக அறிக்கை, மையத்தின் பதிவுச் சான்று, ரத்து செய்த காசோலை, அடையாள ஆவணங்கள். அசலை அனுப்பும் முன் ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்யுங்கள். அனுப்பிய கூரியர் ரசீதையும்.

படி 8: மறுத்தால்

எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். வெறும் "நாட் பேயபிள்" போதாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம், "விதி 17ஐக் காட்டி மறுத்துள்ளீர்கள். பாலிசியின் இந்தப் பிரிவில் இந்தப் பலன் உள்ளது. காத்திருப்பு இந்தத் தேதியில் முடிந்தது. உங்கள் மின்னஞ்சல் பதில் இணைப்பு" என்று நான்கு வரி போதும். ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசா இணையதளத்திலும் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பை 30 நாளில் நிறைவேற்றாத நிறுவனம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். அதே விவகாரத்துக்கு நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள். எங்கே போவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

பாலிசி இல்லாத வழிகள்

மத்திய அரசு ஊழியர்களுக்கு அவர்களின் சுகாதாரத் திட்டமான சிஜிஎச்எஸ் மூலம் ஐவிஎஃப் செலவு உண்டு. 2011 ஆணைப்படி ஒரு சுழற்சிக்கு 65,000 அல்லது உண்மைச் செலவு, இதில் எது குறைவோ அது. அதிகபட்சம் 3 சுழற்சி. பெண்ணின் வயது 21 முதல் 39. முன் அனுமதி இல்லாமல் சிகிச்சையைத் தொடங்கிவிட்டுப் பில் போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. நடப்புத் தொகையை வெல்னஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் இருக்கிறது.

தானக் கருமுட்டையோடு செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் செலவு. தானம் தரும் பெண்ணுக்கு 12 மாதக் காப்பீட்டைத் தம்பதியே எடுத்துத் தர வேண்டும் என்பது சட்டம். வாடகைத்தாய்க்கு 36 மாதம். மையம் "அதெல்லாம் பேக்கேஜில் இருக்கு" என்றால் பாலிசி நகலைக் கேளுங்கள்.

கரு தங்கிய பிறகு

பிரசவப் பலனின் காத்திருப்பு வேறு, அது 9 மாதத்திலிருந்து 4 ஆண்டு வரை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஐவிஎஃப்பில் இரட்டைக் குழந்தையும் குறைப்பிரசவமும் அதிகம் என்பதால் பிரசவப் பலனைவிட முக்கியமான வரி "பிறந்த முதல் நாளிலிருந்து குழந்தைக்குக் காப்பீடு" என்பதுதான். 30 வாரத்தில் பிறந்த இரட்டையர் என்ஐசியூவில் வாரக்கணக்கில் இருந்தால் பில் ஐவிஎஃப் செலவைப் பல மடங்கு தாண்டும். அந்த வரி முழுக் காப்பீட்டுத் தொகைக்கா, பிரசவ வரம்பான 50,000 அல்லது 1 லட்சத்துக்குள்ளா என்று ஐந்தாம் மாதத்துக்குள் எழுத்தில் வாங்கிவிடுங்கள். குரூப் பாலிசியில் குழந்தையின் பெயரைச் சேர்க்கப் பொதுவாக 30 நாள்தான் தருவார்கள். பெயர் சூட்டும் வரை காத்திருக்காமல் "இன்னாரின் குழந்தை 1, குழந்தை 2" என்றே பிறந்த தேதியோடு எச்ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். பிறப்புச் சான்றிதழை வந்த பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.